சோப்புக் கட்டியில் முக்கால் விரல்

என் துப்பாக்கியில் பவர் இல்லை என்று பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி தப்பு. தப்பான பாதி தப்பு என்று காட்ட மூன்று துணி சோப்பு போதுமானதாக இருந்தது. உண்மையான பாதியைச் சொல்லத்தான் எனக்கு ஒரு நாளுக்கு மேல் ஆனது.

நான் பலூன் சுடும் கடை போடுகிறவள். சேந்தமங்கலம், சங்ககிரி, பரமத்தி வேலூர் என்று எங்கே பண்டிகை சாட்டினாலும் என் பலகை அங்கே போய்விடும். ராட்டினத்துக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவில் இடம் கொடுப்பார்கள். பலகையில் ஐந்து வரிசை பலூன். பலகைக்குப் பின்னால் தகரம், தகரத்துக்குப் பின்னால் மடித்துக் கட்டிய தார்ப்பாய். முன்னால் ஒரு மேசை, மேசை மேல் மூன்று துப்பாக்கி. பத்தொன்பது வருடமாக இதுதான் என் தொழில்.

இதை ஏமாற்றுத் தொழில் என்று நினைக்கிற ஆட்கள் நிறைய. குழலை வளைத்து வைத்திருப்பார்கள் என்பார்கள். புதுப் பெண்டாட்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இரண்டு கண்ணையும் மூடி, விசையைப் பிடுங்குகிற மாதிரி இழுத்துவிட்டு, குண்டு தகரத்தில் பட்டதும் குழலை உற்றுப் பார்ப்பான் ஒருவன். வளைந்திருப்பது குழல் இல்லை தம்பி, உன் தோள் என்று நேராகவே சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு வாய்த்துடுக்குக்காரி என்று பெயர். இருக்கட்டும். ஏமாற்றுக்காரி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை, அந்த வருடம் வரைக்கும்.

இந்தத் துப்பாக்கிக்குள் மருந்து கிடையாது. குழலைக் கீழ்நோக்கி மடக்கினால் உள்ளே இருக்கிற கெட்டியான ஸ்பிரிங் சுருங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். மடங்கிய இடத்தில் தெரிகிற குழல் ஓட்டையில் ஓர் ஈயக் குண்டை வைத்து மூட வேண்டும். விசையைத் தட்டினால் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னால் அடிக்கும். பிஸ்டனுக்கு முன்னால் இருப்பது வாய் கொள்ளும் அளவு காற்றுதான். அந்தக் கொஞ்சம் காற்று இமைக்கும் நேரத்தில் இறுகி, போக வழி இல்லாமல் குண்டை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியேறும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விரலை முட்டுகிற அந்த வேகம்தான் பவர்.

பிஸ்டனின் தலையில் ஒரு தோல் வாசர் இருக்கிறது. அது எண்ணெய்ப் பதமாக, உப்பலாக இருந்தால் காற்று ஓரத்தில் கசியாது. காய்ந்து சுருங்கினால் ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பயன் இல்லை. அடித்த காற்றில் பாதி பின்பக்கமே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சத்தம்கூட ஏறக்குறைய அதேதான்.

அதனால்தான் சோப்பு. கடை திறக்கும் முன் ஒரு துணி சோப்பைப் பலகையில் வைத்து, அதன் முனை என்னைப் பார்க்கும்படி நிறுத்தி, ஒவ்வொரு துப்பாக்கியாலும் ஒரு குண்டு சுடுவேன். ஓட்டையில் ஈர்க்குச்சியை விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து, என் சுண்டு விரல் மேல் வைத்து அளப்பேன். முக்கால் விரல் இறங்கினால் துப்பாக்கி நன்றாக இருக்கிறது. அரை விரல் என்றால் வாசருக்கு எண்ணெய் காட்ட வேண்டும். அதற்கும் குறைந்தால் கழற்ற வேண்டும். புதிய சோப்பில்தான் சுட வேண்டும். காய்ந்த சோப்பு கல் மாதிரி, நல்ல துப்பாக்கியையும் கெட்டது என்று காட்டும். சுட்டு முடித்த சோப்பு என் வீட்டுத் துணிக்கு. குண்டைத் தோண்டி எடுக்க மறந்தால் சட்டைப் பொத்தான் தெறிக்கும்.

இந்த வழியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்தது. அதில் எனக்குத் திமிர் உண்டு.

பலூன் ஊதுவது என் வீட்டுக்காரர். பன்னிரண்டு வருடம் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போவார்கள். வண்டியில் இருக்கிற கம்பரஸர் இரவு பகலாகக் கத்தும். அந்தச் சத்தம் அவருடைய காதைத் தின்றுவிட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். தனக்குக் கேட்காது என்பதால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்து அவரும் கத்தித்தான் பேசுவார். நாங்கள் இரண்டு பேரும் வீட்டு விஷயம் பேசினால் பஜ்ஜிக் கடை வரைக்கும் கேட்கும்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகை. முந்தின ஊரில் கடையைப் பிரித்து ஏற்றி வந்து சேரவே தாமதமாகிவிட்டது. வந்த அன்றும் சோப்பு வைக்கவில்லை, மறுநாளும் வைக்கவில்லை. மளிகைக் கடைக்குப் போய் வர நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சோம்பேறித்தனம். இப்போது எழுதும்போது வேறு பெயர் எதற்கு.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். திருச்செங்கோட்டில் நான்கு ரிக் வண்டி வைத்திருக்கிறவர், இந்த ஊர் அவருக்குச் சொந்த ஊர், பண்டிகைக் கமிட்டியிலும் இருக்கிறார். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை. துப்பாக்கியை எடுத்த விதத்திலேயே தெரிந்தது, பழக்கமான கை. மூன்றாவது துப்பாக்கி அவர் கைக்குப் போனது. முதல் குண்டு நடு வரிசைச் சிவப்புப் பலூனில் பட்டது. பலூன் குழிந்து நிமிர்ந்தது, உடையவில்லை. குண்டு கீழே விழுந்தது. இரண்டாவது குண்டும் அதே பலூனில் பட்டது. அதுவும் விழுந்தது. அவருடைய மகள் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அவர் துப்பாக்கியை மேசை மேல் மெதுவாக வைத்தார். எங்கள் பக்கத்தில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள்.

"ஏனுங்கம்மா, துப்பாக்கியில பவரே இல்லீங்களே. பலூன்கூட ஒடையாத துப்பாக்கிய வெச்சுக் கடை நடத்தறீங்க. இதுக்குப் பேரு என்னங்க?"

பலூனில் பட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். இருந்தாலும் வாய் முந்திக்கொண்டது.

"புடிக்கத் தெரியாமப் புடிச்சா எந்தத் துப்பாக்கியும் அப்படித்தானுங்க."

அவர் முகம் கறுத்துவிட்டது. மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் அவரோடு போனார்கள்.

மறுநாள் காலையில் கமிட்டித் தலைவர் வந்தார். ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனுஷன். புகார் வந்திருக்கிறது என்றார். பலூன் கடைக்காரி துப்பாக்கியின் பவரை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறாள் என்று பேச்சு. மறுநாள் காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் எல்லோர் முன்னாலும் துப்பாக்கி சரியாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்றைக்கே பலகையைப் பிரித்துவிட வேண்டும்.

பிரிப்பது பெரிய விஷயம் இல்லை. ஆனால் எந்த ஊர்க் கமிட்டிக்கும் அடுத்த ஊர்க் கமிட்டியில் மச்சானோ சம்பந்தியோ இருப்பார். இங்கே ஏமாற்றுக்காரி என்று எழுப்பிவிட்டால் சேந்தமங்கலத்திலும் இடம் கிடைக்காது, சங்ககிரியிலும் கிடைக்காது. ஒரே ஃபோனில் பத்தொன்பது வருடம் முடிந்துவிடும்.

அவர் போனதும் மளிகைக் கடைக்கு ஓடி சோப்பு வாங்கி வந்தேன். முதல் இரண்டு துப்பாக்கியும் முக்கால் விரல் போட்டன. மூன்றாவது கால் விரல்தான் போட்டது. ஈர்க்குச்சியை விட்டு மறுபடியும் அளந்தேன். கால் விரல்தான். கழற்றிப் பார்த்தால் வாசர் காய்ந்த கறிவேப்பிலை மாதிரி ஓரம் சுருண்டு கிடந்தது. முந்தின நாள் பலூனையும் போய்த் தொட்டுப் பார்த்தேன். காலையில் ஊதி மாட்டியது பகல் வெயிலில் நின்று சாயங்காலத்துக்குள் தொளதொளவென்று ஆகிவிடும். நான் கவனித்து மாற்றியிருக்க வேண்டும். பவர் குறைந்த துப்பாக்கி, காற்று இறங்கிய பலூன். உடையாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

ரிக்காரர் பிடித்த பிடி சரி. அவர் சொன்னதும் சரி. நான் சொன்னதுதான் பொய்.

புது வாசர் போட்டேன். எண்ணெயில் ஊறவைத்து, மாட்டி, மறுபடி சுட்டேன். முக்கால் விரல். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்தார். கீழே கிடந்த பழைய வாசரை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த வரிசைக் கடைகள் முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "வாசரு போயிருந்துச்சா?" என்றார். நான் அவர் வாயைப் பொத்தாத குறை. ராட்டினத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் பலூனைப் பற்றி ஏதோ சொல்லி மழுப்பினேன். என் வீட்டுக்காரர் வாசரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். யாரிடமும் சொல்வதில்லை என்று நான் முடிவு செய்தேன். இப்போது துப்பாக்கி சரியாகிவிட்டது, நாளைக்குக் காட்டப்போவது இதைத்தான், முடிந்துபோனதை எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள். மதில் சுவரை ஒட்டி மண் மூட்டை அடுக்கியிருந்தார்கள். தலைவர் ஒரே கடையில் ஒரே கட்டில் எடுத்த மூன்று சோப்பை வாங்கி வைத்திருந்தார். ஈர்க்குச்சியை அவரே சீவி எடுத்து வந்திருந்தார்.

"அளக்கறத எங்கிட்ட உட்டுருங்க. ரேஷன் கடையில இருந்தவன்" என்றார்.

"அதுக்குத்தானுங்க பயமா இருக்குது" என்று கூட்டத்தில் ஒரு கிழவி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ரிக்காரர் காரிலிருந்து மூன்று உறைகளை இறக்கினார். முதலில் எடுத்தது என்னுடையது மாதிரியே ஒரு ஸ்பிரிங் துப்பாக்கி. ஆனால் குழல் பயங்கர நீளம். என் துப்பாக்கிக் குழல் ஒரு முழம் என்றால் அது ஒன்றே முக்கால் முழம். தன்னுடைய பட்டறையில் நீளக் குழல் மாட்டி, ஸ்பிரிங்கையும் என்னுடையதைவிடக் கெட்டியாகப் போட்டு வைத்திருக்கிறாராம். எனக்கு உதவி செய்கிற மாதிரிதான் பேசினார். என் துப்பாக்கிகளையும் இதே மாதிரி ஆக்கிக்கொடுக்கிறேன், அப்புறம் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது என்றார்.

"பிரஷர் ஏத்தோணும், குழாயி நீட்டோணும். அவ்வளவுதானுங்க பவரு. ரிக்கு ஓட்டறவனுக்கு இதச் சொல்லித்தரோணுமா?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. குழல் நீளத்துக்கும் பவருக்கும் சம்பந்தமே இல்லை, நீளக் குழல் வெறும் அலங்காரம் என்று அடித்துச் சொன்னேன். அவர் சிரித்தார். சோப்பு இருக்கிறதே, கேட்டுவிடுவோம் என்றார்.

முதலில் என் மூன்று துப்பாக்கி. மூன்றையும் தலைவரே சுட்டார். நெற்றி வியர்க்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டார். ஈர்க்குச்சியை விட்டு அளந்தார். என் சுண்டு விரலை நீட்டச் சொல்லி அதன் மேல் வைத்துப் பார்த்தார். மூன்றும் முக்கால் விரல். நூல் பிடித்த மாதிரி ஒரே அளவு.

அடுத்து ரிக்காரரின் நீளத் துப்பாக்கி. மடக்குவதற்கே இரண்டு கை வேண்டியிருந்தது. அவரே சுட்டார். துப்பாக்கி அவர் தோளை ஓர் உதை உதைத்தது. சத்தமும் பெரிது. சோப்பில் பார்த்தால் அரை விரல். தலைவர் குச்சியை எடுத்து வேட்டியில் துடைத்து மறுபடி விட்டார். அரை விரல்தான். இன்னொரு குண்டு போட்டார்கள். அதுவும் அரை விரல்.

கூட்டம் ஊ என்றது. ரிக்காரர் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக நான் பார்க்கிற அதே பார்வை.

எனக்கு ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. சோப்பு அளக்கத் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. அப்போது என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். அவருக்கு யார் பேசியதும் கேட்டிருக்காது, ஆனால் கண் முன்னால் நடந்தது போதும். அந்த நீளக் குழலைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு மதில் சுவரே அதிர்கிற மாதிரி கேட்டார்.

"மொதலாளிங்க, கம்பரஸருக்கு ரெண்டு நம்பரு இருக்குமில்லீங்க? எவ்வளவு காத்துன்னு ஒண்ணு, எவ்வளவு எறுக்கம்னு ஒண்ணு. நீங்க ரெண்டாவதத்தான ஏத்திருக்கறீங்க? மொத நம்பரு அப்படியேதான இருக்குது? நூறடிக்கு ஓட்டற கம்பரஸர வெச்சுட்டு ஆயிரம் அடிக்கு ராடு மாட்டுவீங்களாங்க?"

ரிக் வண்டிக்காரர்களுக்கு அந்த இரண்டு நம்பரும் சொந்தப் பிள்ளையின் வயது மாதிரி. ஆழம் போகப் போக ராடு மேல் ராடு மாட்டுவார்கள். உள்ளே போகிற காற்று அந்த நீளம் முழுவதையும் நிரப்பி, அடியில் இருக்கிற கல் தூளை மேலே தூக்கி வர வேண்டும். காற்று போதவில்லை என்றால் ராடு எவ்வளவு நீளமாக இருந்தும் தூள் மேலே வராது. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே யாருக்கும் தெரிந்துவிடுகிற விஷயம். அதைத் தன் துப்பாக்கியில் மட்டும் ரிக்காரர் மறந்துவிட்டார். பிரஷர், நீளம் என்று இரண்டை எண்ணியவர் காற்றின் அளவை எண்ணவில்லை.

என் வீட்டுக்காரர் அதோடு விடவில்லை. மண்டபத்து ஓரத்தில் நின்ற பப்பாளியிலிருந்து இரண்டு இலைக் காம்பை ஒடித்தார். ஒன்றை ஒரு சாண் அளவுக்கு நறுக்கினார். இன்னொன்றை முழுசாக விட்டார். வேப்பங்காய் ஒன்றைக் குட்டைக் காம்பில் வைத்து, கன்னத்தில் இருந்த காற்றை மட்டும் டப்பென்று ஊதினார். காய் போய் மண் மூட்டையில் பட்டது. நீளக் காம்பில் வைத்து அதே மாதிரி ஊதினார். காய் காம்பின் முனை வரை வந்து சோம்பேறித்தனமாகக் கீழே விழுந்தது. கன்னத்துக் காற்று பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. மீதி வழி முழுக்கக் காய் குழலை உரசிக்கொண்டே வேகத்தை இழந்தது. ஸ்பிரிங் துப்பாக்கியில் இருப்பதும் ஒரு கன்னத்துக் காற்றுதான். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் அந்தக் காற்று இறுகும், பெருகாது.

பன்னிரண்டு வருடம் கம்பரஸர் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். அதற்குப் பதிலாக எதையாவது வாங்கி வந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நெஞ்சு ரொம்ப நேரம் நிமிர்ந்து நிற்கவில்லை. ரிக்காரர் மீதி இரண்டு உறையையும் திறந்தார். இரண்டும் காற்று உருளை வைத்த துப்பாக்கி. முன்கூட்டியே பம்ப் போட்டுக் காற்றை நிரப்பி வைத்திருப்பது, எவ்வளவு இருக்கிறது என்று காட்ட மீட்டர் இருக்கிறது. ஒன்று அவருடையது, நீளக் குழல். இன்னொன்று மகளுடையது, குட்டைக் குழல். உருளையும் மற்றதும் ஒன்றுதான் என்றார். இரண்டு மீட்டரிலும் முள் ஒரே இடத்தில் நிற்பதைத் தலைவரிடம் காட்டினார். இரண்டு சோப்பை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினார்கள். குட்டைத் துப்பாக்கியின் குண்டு முதல் சோப்பின் கடைசி வரைக்கும் போய் நின்றது. நீளத் துப்பாக்கியின் குண்டு முதல் சோப்பைத் தாண்டி இரண்டாவதிலும் அரை விரல் இறங்கியது.

"நீளத்துக்கும் பவருக்கும் சம்பந்தமே இல்லீன்னு சொன்னீங்களே" என்றார் என்னிடம்.

உருளையில் காற்று நிறைய. குண்டு போகப் போகப் பின்னாலேயே காற்று வந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அங்கே குழல் நீண்டால் தள்ளுகிற நேரம் நீளும், வேகம் கூடும். அதுவும் ஓர் எல்லை வரைக்கும்தான், ஆனால் அந்த எல்லை தூரத்தில் இருக்கிறது. என் துப்பாக்கியில் பக்கத்திலேயே இருக்கிறது. என் மூன்று துப்பாக்கியை மட்டும் பார்த்துவிட்டு உலகத்துத் துப்பாக்கிக்கெல்லாம் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

"இல்லீங்கண்ணா, நான் சொன்னது தப்பு. என்ற இந்த மூணு துப்பாக்கிக்குத்தான் அது சரி" என்றேன். சோப்பு கண் முன்னால் இருக்கும்போது என்ன பேச முடியும்.

தலைவர் ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்டார். பலூன் கடைக்காரம்மாவின் துப்பாக்கி மூன்றும் ஒரே அளவு, பவரில் குறை இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அப்புறம் ஏன் முந்தாநாள் உடையவில்லை என்று பொதுவாகக் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்த மாதிரிகூட இல்லை.

ரிக்காரர்தான் பதில் சொன்னார். நீளத் துப்பாக்கியை உறைக்குள் திணித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நாந்தான் சரியாப் புடிக்கலீங்களாட்ட இருக்குது. அவங்க அன்னைக்கே சொன்னாங்க."

முடிந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கடை நிற்கும், பெயர் நிற்கும், எதிராளியே தன் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டார். அவருடைய மகள் பக்கத்தில் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் துப்பாக்கியைச் சரியாகத்தான் பிடித்தார். இரண்டு குண்டும் ஒரே பலூனில் போட்டார். என் கடையில் அப்படிச் சுடுகிறவர்கள் ஒரு பண்டிகைக்கு நாலு பேர் வந்தால் பெரிது. சுடத் தெரியாதவனைத் தெரியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் நான். தெரிந்தவரைத் தெரியாது என்று சொல்லவிட்டு நிற்பதற்கு வாய் வரவில்லை.

நேற்றைய சட்டையையே போட்டிருந்த என் வீட்டுக்காரரின் பைக்குள் கையை விட்டு அந்தப் பழைய வாசரை எடுத்தேன். தலைவர் கையில் கொடுத்தேன்.

"அவரு சரியாத்தானுங்க புடிச்சாரு. அன்னைக்கு இந்த வாசரு காஞ்சு கெடந்துச்சு. ரெண்டு நாளா நான் சோப்பு வெக்கல. துப்பாக்கியில கால் வெரலுக்குத்தான் பவரு இருந்துச்சு. நேத்துதான் மாத்துனேன்."

தலைவர் வாசரை விரலால் அழுத்திப் பார்த்தார். அதன் ஓரம் ஒடிந்து கையோடு வந்தது.

"அப்ப இவரு சொன்னது சரிதானேம்மா?"

"அன்னைக்கு சரிங்க. இன்னைக்கு தப்புங்க."

நான் கெஞ்சவில்லை. தினமும் சோப்பைக் கடைக்கு முன்னால் எல்லோரும் பார்க்கச் சுடுகிறேன், அன்றைய சோப்பை ஈர்க்குச்சியோடு மேசையிலேயே கட்டி வைக்கிறேன், சந்தேகம் இருக்கிறவர்கள் அவர்களே விட்டுப் பார்க்கட்டும் என்றேன். இருக்கச் சொன்னால் இருக்கிறேன், பிரிக்கச் சொன்னால் பிரிக்கிறேன் என்றும் சொன்னேன். தலைவர் ரிக்காரரைப் பார்த்தார். புகார் அவருடையது.

ரிக்காரர் என்னைப் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"கடை இருக்கட்டுங்க" என்றார். "ஆனா எனக்கு ரெண்டு குண்டு பாக்கி இருக்குது."

அன்று சாயங்காலம் வந்தார். பலூனையெல்லாம் அப்போதுதான் புதிதாக ஊதி மாட்டியிருந்தோம். மூன்றாவது துப்பாக்கியையே கேட்டு வாங்கினார். முதல் குண்டிலேயே சிவப்புப் பலூன் வெடித்தது. மகள் கை தட்டினாள். இரண்டாவது குண்டு எதிலும் படாமல் தகரத்தில் போய் டிங் என்றது. அவர் குழலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது நீங்கதானுங்க" என்றேன்.

"ஆமாங்க, இது நாந்தான்" என்றார்.

அதற்குப் பிறகு எந்த ஊர்க் கமிட்டியும் எனக்கு இடம் இல்லை என்று சொன்னதில்லை. இப்போது என் மேசையில் எல்லா நாளும் ஒரு சோப்பு இருக்கிறது. கம்பி கட்டி, மூன்று ஓட்டையோடு, பக்கத்தில் ஓர் ஈர்க்குச்சியோடு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொடுகிறார்கள். குழலை வளைத்து வைத்திருப்பதாகச் சொல்கிற பேச்சு நின்றுவிட்டது. சுடத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேறு வழி இல்லாமல் போனதில் ஆண்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ரிக்காரர் அடுத்த பண்டிகைக்கும் வந்தார். நீளக் குழலைக் கழற்றிவிட்டுப் பழைய குழலையே மாட்டிவிட்டதாகச் சொன்னார். வந்ததும் குச்சியை ஓட்டைக்குள் விட்டு, தன் தடித்து நீண்ட சுண்டு விரல் மேல் வைத்து அளந்தார்.

"முக்கா வெரலு வரலீங்களே" என்றார்.

என் விரலை நீட்டினேன். இந்தக் கடையில் விரல் என்றால் இதுதான் என்றேன்.